பரணில் கிடக்கும் அரிவாளுக்கு மறுபடி கூர் ஏற்றுவோம்: ஒரு முழுமையான வழிகாட்டி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று எந்தத் தெருவில் பார்த்தாலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. மாநகராட்சி ஆட்கள் வந்து சேரும்வரை வாசலை அடைத்துக் கிடந்த கிளையை ஒதுக்கியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில், சாக்கில் சுற்றிய ஓர் அரிவாள் இருந்தது. எடுத்துப் பார்த்தால் செங்கல் நிறத்தில் துரு. முருங்கைக் கிளையைக்கூட அது வெட்டவில்லை, நசுக்கியது.

அடுத்த மாதம் தேங்காய் பறிக்க வந்தவர் அதைக் கையில் வாங்கினார். கட்டைவிரல் நகத்தால் அலகைச் சுண்டினார். கணீர் என்று சத்தம் வந்தது. "என்னா சார், இத்தப் போயி பரண்ல போட்டு வெச்சிக்கிறீங்க? என் அரிவாளவிட நல்ல பட்டை சார் இது. காயலான் கடைக்கு மட்டும் குடுத்துராதீங்க" என்றார். அன்று ஆரம்பித்த வேலைதான். இன்றுவரை நானும் உறவினர்களும் வைத்திருக்கும் ஏழெட்டு அரிவாள்களை வீட்டு மொட்டைமாடியிலேயே புதுப்பித்திருக்கிறேன். இயந்திரம் எதுவும் வேண்டாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் சில எளிய சாமான்களும் போதும்.

கை வேலையும் தண்ணீரும் அரிவாளைக் காப்பாற்றும். அவசரமும் சூடும் அதைக் கெடுக்கும். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

உங்கள் அரிவாளில் இருப்பது என்ன இரும்பு?

தமிழ்நாட்டில் அரிவாள் என்றதும் நினைவுக்கு வரும் ஊர், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில் இருக்கிறது. சினிமா அந்தப் பெயரை வேறு விதமாகப் பிரபலமாக்கிவிட்டது. ஆனால் அரிவாள் கருவேல மரம் வெட்டவும், வாழைத்தார் அறுக்கவும், இளநீர் சீவவும் பிறந்த கருவி.

இரும்பு வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது பழங்காலத்தில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்தன. இன்றைய கொல்லுப்பட்டறைகளில் அடிக்கும் நல்ல அரிவாள் பெரும்பாலும் லாரியின் அடியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டையிலிருந்து வருகிறது. தேங்காய் பறிப்பவர் 'பட்டை' என்றது அதைத்தான். ஸ்பிரிங் பட்டை கார்பன் சேர்ந்த எஃகு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்தினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். இந்தப் பதம்தான் அரிவாளின் உயிர்.

சோதித்துப் பார்க்க ஒரு புது அரம் போதும். வாயோரம் லேசாக ஓர் இழுப்பு இழுங்கள். அரம் பிடித்தும் பிடிக்காமலும், ஒரு முரண்டோடு கடித்தால் நல்ல பதம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அது வெறும் இரும்புத் தகடு. கூர் ஏற்றலாம், நிற்காது. அலகின் குறுக்கே மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த அரிவாளைத் தொடவே வேண்டாம். ஓங்கி வெட்டும்போது உடைந்து பறக்கும். அதற்கு மட்டும் காயலான் கடைதான் வழி.

வாங்க வேண்டியவை

10 அங்குலப் பட்டை அரம் ஒன்று, அதே அளவில் அரைவட்ட அரம் ஒன்று. இரண்டுக்கும் மரப்பிடி கட்டாயம். பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் குத்தி இறங்கும். வாட்டர் பேப்பரில் 80, 120, 220, 400 என நான்கு ரகம். இரண்டு 'சி' கிளாம்ப். கறுப்பு மார்க்கர் பேனா. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம்.

அப்புறம் சாணைக்கல். ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும் இரட்டைக் கல் வாங்குங்கள். கடையில் 'கார்போரண்டம் கல்' என்றால் எடுத்துத் தருவார்கள். அந்தப் பெயருக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், சாணைப் பொருட்கள் செய்யும் சென்னைக் கம்பெனி. திருவொற்றியூரில் அதற்கு ஆலை இருக்கிறது. பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் தேர்வு அதிகம். ஆனால் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ உள்ள எந்தப் பெரிய ஹார்டுவேர் கடையிலும் இவை அத்தனையும் கிடைக்கும்.

இடம், ஆள், சட்டம்

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். அரம் ராவும் சத்தம் ஞாயிறு மதியம் கீழ்வீட்டுக்காரருக்கு இனிக்காது. கனமான பலகையில் அரிவாளைப் படுக்கவைத்து, வெட்டும் வாய் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். காலில் ஷூ இருக்கட்டும், செருப்பு கூடாது. குழந்தைகள் மாடிக்கு வரக்கூடாது. டிடி ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று நினைவில்லாவிட்டால், முதலில் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த கருவிகளை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே வீட்டில் வைத்திருப்பதில் குற்றமில்லை. அதற்காக ஸ்கூட்டரின் முன்பக்கம் செருகிக்கொண்டு போகக்கூடாது. எங்காவது எடுத்துப் போக வேண்டுமென்றால் வாயை அட்டையால் மூடி, துணி சுற்றி, கயிறு கட்டி, பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். போலீஸ் கேட்டால் எதற்கு, எங்கே என்று சொல்லும்படி இருங்கள்.

முதல் வேலை: பிடி

பிடி ஆடுகிற அரிவாளில் வேறு எந்த வேலையும் தொடங்காதீர்கள். அலகை அசைத்தால் பூணுக்குள் கடகடவென்று சத்தம் வந்தால் பிடியைக் கழற்றிவிடுங்கள். பழைய அரிவாளில் பிடிக்குள் நுழையும் காம்பை அரக்கு ஊற்றி இறுக்கியிருப்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் நனைத்த துணியைப் பூண் மேல் நான்கைந்து முறை சுற்றினால் அரக்கு இளகி, பிடி கழன்று வரும். நெருப்பில் காட்ட வேண்டாம். சூடு அலகுக்குப் போகும்.

புதுப் பிடிக்குப் பூவரசு நல்ல மரம், புளியும் நன்றாக இருக்கும். மரக்கடையில் துண்டு வாங்கித் தச்சரிடம் கொடுத்தால் உருட்டித் துளை போட்டுத் தருவார். துரு எடுத்து முடிந்த பிறகு அரல்டைட் ஊற்றிக் காம்பைச் செருகி, ஒரு முழு நாள் தொடாமல் விட்டுவிடுங்கள்.

துரு உரித்தல்

இந்த வேலைக்கு நம் சமையலறையில் இருப்பதைவிட நல்ல மருந்து கிடையாது. பழைய புளி கால் கிலோ எடுத்து, ஒன்றரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். பித்தளைக்குச் செய்வதுபோல் உப்புச் சேர்த்துவிடாதீர்கள். உப்புதான் இரும்புக்கு எமன். இன்று சேர்த்த உப்பு இடுக்கில் தங்கி அடுத்த மாதம் துருவாக வெளியே வரும்.

வளைந்த அரிவாள் எந்தப் பாத்திரத்திலும் முழுசாக முங்காது. பழைய வேட்டித் துணியைப் புளிக்கரைசலில் முக்கி, அலகு முழுக்க இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். மரப்பிடி நனையக் கூடாது. நான்கு மணி நேரம் கழித்துப் பிரித்தால் துணி மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். புளியின் அமிலம் துருவைக் கரைத்து எடுத்துவிட்டது என்று அர்த்தம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தால் செதில் செதிலாக விழும். இன்னும் மிச்சம் இருந்தால் மறுபடி ஒரு முறை. எலுமிச்சை உப்பு என்னும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராம் கலந்தும் செய்யலாம், வினிகரும் ஆகும். ஆனால் எதிலும் நாள்கணக்கில் ஊறவிடாதீர்கள். அமிலம் துருவைத் தின்ற பிறகு இரும்பைத் தின்னத் தொடங்கும். கழிவறை கழுவும் ஆசிட் அறவே கூடாது. அதன் ஆவி நுரையீரலையும் பாழாக்கும், எஃகையும் நொறுங்கும்படி ஆக்கும்.

துரு போனதும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து அலகைக் கழுவுங்கள். மிச்சமிருக்கும் அமிலம் முறிந்துவிடும். கடைசி அலசலுக்குப் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கத்து உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். உடனே துடைத்து, வெயிலில் வையுங்கள். ஈரமாக விட்டால் கண்முன்னே மஞ்சள் பூக்கும்.

கடையில் அடித்த கறுப்பு பெயின்ட் ஒட்டியிருந்தால் 80-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுங்கள். காய்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. துரு அரித்த சின்னச் சின்னக் குழிகளை விட்டுவிடலாம். அவற்றைச் சமன்செய்யத் தேய்த்தால் அலகு மெலிந்துபோகும். வெட்டும் வாயில் இருக்கும் குழி மட்டும்தான் நமக்குப் பகை.

வாயைத் திருத்துதல்

இதுதான் பாதி வேலை. பொறுமை வேண்டும்.

அரிவாளை வெளிச்சத்தில் பிடித்து, வாயை நேராக உங்கள் கண்ணுக்குக் காட்டுங்கள். மழுங்கிய இடமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். கூர்மையான விளிம்பில் வெளிச்சம் நிற்க இடமே இருக்காது. பொக்கை விழுந்த இடங்கள் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

முதலில் பொக்கைகள் மறையும்வரை வாயின் மேல் செங்குத்தாக அரத்தை ஓட்டுங்கள். அரிவாள் மொண்ணையாகிவிட்டதே என்று பயம் வரும், வரட்டும். சமமான விளிம்பு கிடைத்த பிறகுதான் இருபுறமும் சரிவு போட முடியும்.

சரிவு எவ்வளவு? கிளை வெட்டவும் தேங்காய் உரிக்கவும் வைத்திருக்கும் அரிவாளுக்குப் பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி. காய்கறிக் கத்தியைப்போல் 15 டிகிரிக்கு மெலிதாக்கினால் முதல் மட்டையிலேயே வாய் மடங்கும். கோணம் அளக்கக் கருவி வேண்டாம். ஒரு தாளின் மூலை 90 டிகிரி. அதைச் சரிபாதியாக மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரம் அந்தச் சாய்வில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

சரிவின் மேல் மார்க்கரால் கறுப்பாகத் தீட்டிவிட்டு அரத்தால் இரண்டு முறை தள்ளிப் பாருங்கள். கறுப்பு எங்கே அழிகிறதோ அங்கேதான் அரம் படுகிறது. விளிம்போரம் கறுப்பு நின்றால் அரத்தைச் சற்று நிமிர்த்த வேண்டும். மேலே நின்றால் சாய்க்க வேண்டும். அரம் தள்ளும்போது மட்டுமே வெட்டும். இழுக்கும்போது தூக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதன் பல் தேயும். ஒரு பக்கம் பத்து, அரிவாளைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் பத்து என்று எண்ணிச் செய்தால் விளிம்பு நடுவிலேயே நிற்கும்.

திருப்பாச்சேத்தி அரிவாளின் மூக்குப் பக்கம் உள்வளைவாக இருக்கும். பட்டை அரமும் சாணைக்கல்லும் அங்கே மூலைகளால் மட்டுமே படும். சமமாகத் தேய்க்காமல் பள்ளம் போட்டுவிடும். அந்த இடத்துக்கு அரைவட்ட அரத்தின் உருண்ட பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு, ஒன்றரை அங்குல பிவிசி பைப்புத் துண்டில் 120, 220 வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் வளைவு கெடாமல் வரும். புதிதாகச் செய்கிறவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இந்த மூக்கைத்தான்.

ஏன் கிரைண்டர் வேண்டாம்?

என் அரிவாளையே ஒரு முறை அவசரத்துக்குக் கிரைண்டிங் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. பொறி பறந்தது, பளபளவென்று வந்தது. வீட்டில் வந்து பார்த்தால் நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு வாயோரம் மயில்கழுத்து நீலம். அழகாகத்தான் இருந்தது. அடுத்த நாள் தேங்காய் உரித்தபோது அந்த இரண்டு அங்குலமும் தகரம்போல் மடங்கியது.

எஃகு சூடேறும்போது மேலே நிறம் மாறும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, 300 டிகிரி பக்கம் நீலம். நீலம் வந்த இடத்தில் கொல்லர் கொடுத்த பதம் போய்விட்டது. வாய் மெலிதாக இருப்பதால், வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் சில நொடிகளிலேயே அந்தச் சூடு ஏறிவிடும். நீலம் பாய்ந்த பகுதியை முழுக்க அரத்தால் எடுத்துவிட்டால்தான் கீழே நல்ல எஃகு வரும். எனக்கு மூன்று மாலை பிடித்தது.

கையால் அரம் போட்டால் இந்த ஆபத்து இல்லை. கிரைண்டர் இருந்தே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு இழுப்புக்கும் அலகைத் தண்ணீரில் முக்குங்கள். சக்கரத்திலிருந்து எடுத்த பிறகு வாயோரத்தை வெறும் விரலால் தொட்டுக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் அது ஏற்கெனவே அதிகம். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் கையுறை போடாதீர்கள். துணியைச் சக்கரம் இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கடுக்காய்ப் பூச்சு

இது விருப்பம்தான். ஆனால் கடற்காற்றடிக்கும் ஊரில் நான் இதை விடுவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் பத்துக் கடுக்காய் வாங்குங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடை இருக்கவே இருக்கிறது. கொட்டை நீக்கி இடித்து, அரை லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். அலகை சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவித் துடைத்துவிட்டு, வெதுவெதுப்பான கஷாயத்தைத் துணியால் பூசுங்கள். சில நிமிடங்களில் அலகு சாம்பல் நிறமாகி, பிறகு கருநீலமாக மாறுவதைப் பார்க்கலாம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. பழைய காலத்து எழுது மையும் இதே உறவில் பிறந்ததுதான். காயவிட்டு மூன்று முறை பூசி அலசிவிடுங்கள். துருவே வராது என்று சொல்லமாட்டேன். வருவது நன்றாகத் தாமதமாகும்.

கல்லில் கூர் ஏற்றுதல்

சமையல் கத்தியைக் கல்லின் மேல் தேய்ப்போம். அரிவாளுக்கு நேர்மாறு: அரிவாள் கிளாம்பில் அசையாமல் இருக்கட்டும், கல் நகரட்டும். கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பின்பக்கமாகப் பிடியுங்கள். விரல் நுனிகள் கல்லின் முகத்தைத் தாண்டி ஒருபோதும் வெளியே வரக் கூடாது. கரட்டுப் பக்கத்தால் அதே சாய்வில் சின்னச் சின்ன வட்டமாக, பிடியிலிருந்து நுனிவரை தேய்த்துக்கொண்டே போங்கள். தண்ணீர் சாம்பல் நிறக் குழம்பாகும். துடைத்துவிடாதீர்கள், அதுதான் வேலை செய்கிறது.

எப்போது நிறுத்துவது? பிசிறு எழும்பும்வரை. ஒரு பக்கம் தேய்த்துத் தேய்த்து விளிம்பு முழுசாகச் சந்தித்ததும், எதிர்ப்பக்கத்தில் நூலிழைபோல் இரும்பு மடிந்து நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக நகர்த்தினால் சொரசொரவென்று தட்டுப்படும். வாயோடு நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள், அப்படித்தான் அறுபடும். விரலுக்குப் பயமாக இருந்தால் பஞ்சை இழுத்துப் பாருங்கள், பிசிறில் மாட்டும். பிடியிலிருந்து நுனிவரை ஓரிடம் விடாமல் பிசிறு வந்த பிறகே மறுபக்கத்துக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் நைசுக் கல்லுக்குத் தாவுவதால்தான் பலருக்கும் "எவ்வளவு தேய்த்தாலும் கூர் வரவில்லை" என்ற குறை.

இருபுறமும் பிசிறு எழுப்பியதும் நைசுப் பக்கத்தால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறி மாறிப் பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தை மடியாமல் பலகையில் ஆணியடித்து, வாயைப் பின்னோக்கி இழுத்துப் பக்கத்துக்குப் பத்து முறை. மூக்கின் உள்வளைவுக்கு அதே பெல்ட் துண்டைப் பைப்பில் சுற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான். கண்ணாடிபோல் மெருகேற்ற ஆசைப்படாதீர்கள். சற்றே சொரசொரப்பு மிச்சமிருக்கும் வாய்தான் தென்னை நாரைக் கவ்வி அறுக்கும்.

சோதித்துப் பார்த்தல்

செய்தித்தாள் வெட்டுவது கத்திக்கான சோதனை. அரிவாளுக்குப் பச்சைத் தென்னை மட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாக ஒரே வெட்டில் வெட்டுப்பட்ட முகம் நார் கிளம்பாமல் மழமழவென்று இருந்தால் கூர் வந்துவிட்டது. பத்து வெட்டுக்குப் பிறகு வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரியாவிட்டால் பதமும் நன்றாக இருக்கிறது. எங்காவது மடங்கியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் சரிவை இரண்டு மூன்று டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

வைத்துக் காப்பாற்றுதல்

வெட்டி முடித்ததும் கழுவித் துடைக்க வேண்டும். இளநீரும் வாழைச்சாறும் காய்ந்தால் அடியில் துரு ஆரம்பிக்கும். மாதம் ஒரு முறை மெலிதாக எண்ணெய். சாப்பிடும் பொருளை வெட்டும் அரிவாளுக்கு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் நல்லது, அது சிக்குப் பிடிக்காது. தேங்காய் எண்ணெயும் ஆகும், கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும். சாக்கிலும் தோல் உறையிலும் நெடுநாள் வைக்காதீர்கள், இரண்டுமே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்த் தாளில் சுற்றி, வாய்க்கு நீளவாக்கில் பிளந்த பிவிசி பைப்பை மாட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

தெருவில் மிதிசக்கரத்தோடு சாணை பிடிப்பவர் வந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள். காலால் மிதிக்கும் சக்கரம் மெதுவாகச் சுற்றுவதால் சூடு அவ்வளவாக ஏறாது. "அண்ணே, தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிங்க, நீலம் பாயக்கூடாது" என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொழில் தெரிந்தவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

ஆயுத பூஜைக்கு அரிவாளையும் எடுத்து வைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். முதலில் எண்ணெய் தடவி, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வையுங்கள். மறுநாள் புனர்பூஜை முடிந்ததுமே துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் இருந்த இடத்தில்தான் அடுத்த துருப்புள்ளி முதலில் தோன்றும்.